வாரிசுச் சான்றிதழில் சிக்கல் இல்லை, சரி

கேள்வி: என் அண்ணன் 1994-ல், 17 வயதில் வீட்டை விட்டுப் போய்த் திருநங்கையானார். எனக்கு அப்போது 14 வயது. பிறகு எங்கள் மாவட்டத்துக்கே திரும்பி வந்து, திருநங்கைகளுக்கு ரேஷன் கார்டு, அடையாள அட்டை வாங்கித் தருவது, போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பேசுவது என்று கடைசிவரை உழைத்தார். சென்ற ஆண்டு சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். அவருக்குச் சொந்தமாக 2 சென்ட் இடத்தில் ஒரு ஓட்டு வீடு இருந்தது. அம்மா பெயரில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, அதில் ஒன்றும் சிக்கல் இல்லை. கூட இருந்த மூன்று பேரைக் காலி செய்யச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம். இப்போது முதலாண்டு நினைவு மலர் போடுகிறார்கள். குடும்பத்தின் சார்பில் ஒரு கட்டுரை கேட்கிறார்கள். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எழுதினால் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. எழுதலாமா, வேண்டாமா?

பதில்: கட்டுரை இருக்கட்டும். அந்த வீட்டுச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?

குடும்ப மானம், பெண்ணின் கல்யாணம், ஊர் வாய் என்று இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. நானும் ஏதோ சமாதானம் எழுதி அனுப்புவேன். உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘சிக்கல் இல்லை’ என்ற அந்த அரை வரிதான் காரணம்.

வாரிசுச் சான்றிதழ் சும்மா வருவதில்லை. இறந்தவருக்கு நாங்கள் இன்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வி.ஏ.ஓ. விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரிப்பார், அதன்பிறகுதான் தாசில்தாரிடம் போகும். இத்தனை பேர் முன்னால் ‘எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று சொல்ல உங்கள் நாக்கு கூசவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்ல மட்டும் கூசுகிறது. 2 சென்ட் கிடைக்கிற இடத்தில் உறவு, கிடைக்காத இடத்தில் பயம். இதற்கு என் ஊரில் வேறு பெயர் உண்டு, பத்திரிகையில் போட மாட்டார்கள்.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு ரேஷன் கார்டில் அவள் பெயரை எந்த வருஷம் அடித்தீர்கள்? ஓடிப்போன பிள்ளையின் பெயரை அடுத்த கார்டில் சேர்க்காமல் விடுவதுதானே வழக்கம். அப்போதெல்லாம் கார்டு இல்லாவிட்டால் முகவரி இல்லை, முகவரி இல்லாவிட்டால் வாடகை வீடு, வங்கிக் கணக்கு எதுவும் இல்லை. 2008 ஏப்ரல் 15-ல் தமிழ்நாட்டில் திருநங்கைகள் நலவாரியம் வந்த பிறகு அடையாள அட்டையும் ரேஷன் கார்டும் கிடைக்க வழி பிறந்தது. சரியாக ஆறு வருஷம் கழித்து, 2014-ல் அதே ஏப்ரல் 15 அன்றுதான் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்றது. சட்டம் வந்தால் போதுமா? கையில் மனுவோடு தாலுகா அலுவலகப் படிக்கட்டில் உட்கார ஓர் ஆள் வேண்டும். உங்கள் அக்கா உட்கார்ந்தாள். (அக்கா என்றுதான் எழுதுவேன், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.) உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் அடித்த பெயர்களை வேறு கார்டுகளில் திரும்ப எழுத வைத்ததுதான் அவள் ஆயுள் முழுக்கச் செய்த வேலை.

அந்த மூன்று பேருக்கு வருவோம். ‘கூட இருந்தவர்கள்’ என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். சிறுநீரகம் கெட்டவளை டயாலிசிஸுக்கு ஆட்டோ பிடித்து அழைத்துப் போனது யார்? நீங்கள் போயிருந்தால் அதை ஒரு பத்தியாவது எழுதியிருப்பீர்கள். அவர்கள் சமூகத்தில் வயதில் மூத்தவள் இளையவளை மகளாக எடுத்துக்கொள்வாள். சோறு போடுவாள், திட்டுவாள், அவள் நோயில் படுத்தால் அந்த மகள்கள் பார்ப்பார்கள். பெற்றவர்கள் கைவிட்ட இடத்தில் தாங்களே கட்டிக்கொண்ட குடும்பம் அது. நம் வாரிசுச் சட்டம் அந்த மகள்களைக் கண்டுகொள்வதில்லை. உயில் இருந்தால்தான் உண்டு. உங்கள் அக்கா ஊருக்கெல்லாம் காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தனக்கு ஓர் உயில் எழுதாமல் போய்விட்டாள் போலிருக்கிறது. பொதுவேலை செய்கிறவர்கள் பலருக்கும் உள்ள கோளாறு.

சட்டம் என்றதும் தெம்பாகிவிடாதீர்கள். மணமாகாமல், உயில் எழுதாமல் இறந்தவரை மகன் என்று வைத்தாலும் சரி, மகள் என்று வைத்தாலும் சரி, உங்கள் தகப்பனாரும் இல்லாத நிலையில் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சொத்து உங்கள் அம்மாவுக்கு. உங்களுக்கு அதில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. பூட்டியது யார் உரிமையில்? இன்னும் கேளுங்கள். 2019-ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, ஒரு திருநரை வீட்டையோ ஊரையோ வசிப்பிடத்தையோ விட்டு வெளியேற வைப்பதைக் குற்றம் என்கிறது. 6 மாதத்துக்குக் குறையாமல் 2 வருஷம் வரை சிறை, அபராதம் வேறு. அந்த மூவரில் ஒருத்திக்கு இது தெரிந்திருந்தால் நீங்கள் இந்நேரம் எனக்கு அல்ல, வக்கீலுக்கு எழுதிக்கொண்டிருப்பீர்கள். தெரியாமலும் இருக்காது, உங்கள் அக்கா வளர்த்தவர்கள். அவள் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வாரிசு அம்மாதான் என்கிறீர்கள். ஆனால் அம்மா என்ன சொல்கிறார் என்று இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மருமகளை அறைக்கு அனுப்பிவிட்டுக் கேளுங்கள். பெற்றவள் வாய் திறந்தால் சாவியை அவரே வாங்கிக் கொடுத்துவிடுவார் என்பது என் கணிப்பு. கொடுத்தால் வாய்வார்த்தையோடு நிறுத்தாமல், அந்த மகள்கள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்யட்டும். ரத்த உறவு இல்லாதவர்களுக்கு எழுதினால் முத்திரைத்தாள் செலவு கூடுதலாகும். அதை நீங்கள் கட்டுங்கள். 17 வயதில் போன பிள்ளைக்கு உங்கள் வீடு செய்யாத செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

மகள் கல்யாணம். அத்தை திருநங்கை என்று தெரிந்து தட்டிப்போகிற சம்பந்தம் தட்டிப்போகட்டும். மறைத்துக் கட்டிக்கொடுத்து, பிற்பாடு தெரிந்தால் அவர்கள் கேள்வி கேட்கப்போவது உங்களை அல்ல, அந்தப் பெண்ணை. முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி கட்டுரை. சாவி கைமாறுவதற்கு முன் ஒரு வரி எழுதாதீர்கள். எழுதும்போது தியாகச் சுடர், சமூகப் போராளி என்று மாலை கட்டாதீர்கள், மலரில் அதற்கு வேறு ஆட்கள் இருப்பார்கள். நாமக்கல் பக்கத்துத் திருநங்கை எழுத்தாளர் ரேவதியைப் பாருங்கள். பெங்களூரில் பாலினச் சிறுபான்மையினருக்காக இயங்கும் சங்கமா அமைப்பில் களப்பணி செய்தவர். அவருடைய தன்வரலாறு 2010-ல் ஆங்கிலத்தில் வந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2019-ல் நூலக முகப்பில் தொங்கவிட்ட பெண் எழுத்தாளர்கள் பதாகையில் அவர் பெயரும் இருந்தது. அவர் எழுத்து நின்றதற்குக் காரணம் புகழ் இல்லை. கிரிக்கெட் மட்டையால் அடித்த சொந்த அண்ணனையும் அதில் மறைக்காமல் வைத்தார். அடி வாங்கியவர்கள் எழுதிவிட்டார்கள். அடித்த வீட்டிலிருந்து, பார்த்துக்கொண்டிருந்த தம்பியிடமிருந்து ஒரு பக்கம்கூட வந்து நான் படித்ததில்லை.

1994-ல் அவள் வீட்டை விட்டுப் போன அன்று என்ன நடந்தது, யார் கை ஓங்கினார்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். 14 வயதுப் பையனுக்கு எல்லாம் நினைவிருக்கும். மலர் அச்சானதும் ஒரு பிரதியைச் சம்பந்தி வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.