போன முறை காட்டிய நிலம் இந்த முறை எங்கே?

கேள்வி: எங்கள் தொகுதி வேட்பாளர் சென்ற சட்டமன்றத் தேர்தலில் தன் பெயரில் காட்டிய ஆறு ஏக்கர் நிலம், இந்த முறை பிரமாணப் பத்திரத்தில் இல்லை. இதை வைத்து வேட்புமனுவைத் தள்ளுபடி செய்ய வைக்க முடியுமா?

பதில்: இதை மட்டும் வைத்து முடியாது. பரிசீலனையின்போது தேர்தல் நடத்தும் அலுவலர், பிரமாணப் பத்திரத்துக்கான படிவம் 26-இல் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். எழுதியது உண்மையா என்று விசாரிப்பது அவர் வேலையல்ல. கட்டம் வெறுமையாக இருந்து, நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால்தான் தள்ளுபடி செய்யலாம் என்பது 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘இல்லை’ என்று ஒரு சொல் எழுதிவிட்டால் அந்தத் தடையைத் தாண்டியாயிற்று! அவர் எழுதியதை மறுத்து நீங்கள் எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதையும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள்.

அதற்கு முன், நிலம் உண்மையிலேயே மறைக்கப்பட்டதா என்று பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு பத்திரங்களையும் தரவிறக்கி, வேட்பாளர், துணைவர், இந்து கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் என்று எல்லாப் பத்திகளிலும் சர்வே எண்ணைத் தேடுங்கள். மதிப்பை ஒப்பிட்டுப் பயனில்லை. ‘இன்றைய சந்தை மதிப்பு’ என்பது வேட்பாளரே போடும் கணக்கு. ஒருவர் அரசின் வழிகாட்டி மதிப்பை எழுதுவார், இன்னொருவர் தோராயமாக எழுதுவார். சர்வே எண், பரப்பு, வாங்கிய தேதி மூன்றும்தான் நம்பத்தக்கவை. 2006 தேர்தலின் பத்திரம் வேண்டுமென்றால் பழைய தொகுதிப் பெயரில் தேடுங்கள். 2008 தொகுதி மறுசீரமைப்பில் சென்னையின் பூங்கா நகர், புரசைவாக்கம் போன்ற தொகுதிகளே இல்லாமல் போயின.

அடுத்து, பதிவுத்துறை தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் (பதிவான பரிமாற்றங்களின் பட்டியல்) பாருங்கள். உட்பிரிவு ஆகியிருக்கலாம் என்பதால் 112/3 என்று தேடியதோடு நிறுத்தாமல் 112/3ஏ என்றும் தேட வேண்டும். பெரும்பாலும் கிடைக்கும் விடை, மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட். வயதுவந்த, சொந்த வருமானமுள்ள மகன் ‘சார்ந்திருப்பவர்’ ஆகமாட்டார். அவர் சொத்தைக் காட்ட வேண்டியதில்லை. சட்டம் விட்டுவைத்திருக்கும் பெரிய ஓட்டை இதுதான். விற்றிருந்தால், அந்தப் பணம் வைப்புத் தொகையாகவோ கடன் அடைப்பாகவோ வேறு சொத்தாகவோ பத்திரத்தில் எங்காவது தென்பட வேண்டும். பட்டா பழைய பெயரிலேயே இருப்பதை மட்டும் ஆதாரமாக்காதீர்கள். பட்டா மாற்றாமல் விடுவது ஊரெங்கும் உள்ள வழக்கம்.

மனுத் தாக்கலுக்கு முன் எந்தப் பரிமாற்றமும் பதிவாகவில்லை என்றால் உங்கள் சந்தேகத்துக்கு வலு உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின் கீழ் குற்றவியல் நடுவரிடம் புகார் செய்யலாம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவர் வென்றுவிட்டால், உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. அதே தொகுதியின் வாக்காளராக இருந்தால் போதும். 2,000 ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும்.

ஆனால் விடுபட்டதெல்லாம் வெற்றியைச் செல்லாததாக்காது. அருணாசலப் பிரதேசத்தின் தேஜு தொகுதி வழக்கில், பதிவுப் பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டிகளைக் காட்டாதது குறையல்ல என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் அப்படியல்ல, விற்றாலும் தானம் கொடுத்தாலும் பத்திரப்பதிவு கட்டாயம். அதனால் உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம் வில்லங்கச் சான்றுதான். வழக்குப் போட வெற்றி அறிவித்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம். ஒரு நாள் பிந்தினாலும் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கே அதிகாரமில்லை.