தோலில் தடவும் மருந்து தசைநாண் வரை போகுமா?

கேள்வி: எனக்கு வயது 38. பல ஆண்டுகளாக மாலைதோறும் ஷட்டில் ஆடுகிறேன். இரண்டு மாதங்களாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. ஈரத்துணியைப் பிழிந்தால் சுளீரென்கிறது. முன்பு வயிற்றுப் புண் இருந்ததால், டாக்டர் மாத்திரை தராமல் டைக்ளோஃபெனாக் ஜெல் எழுதிக்கொடுத்தார். மேலே தடவுவது உள்ளே போய் வேலை செய்யுமா? மின்சாரம் வைத்து மருந்தைச் செலுத்தும் சிகிச்சை இதைவிட மேலானதா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: போகும், உங்களுக்கு வலிக்கும் இடமும் அதற்குத் தோதானதே. தோலின் மேற்புறத்தில் முடியிழையைவிட மெல்லிய, இறந்த செல்களாலான அடுக்கு ஒன்று உண்டு. பெரிய மூலக்கூறுகளை அது தடுத்துவிடும். டைக்ளோஃபெனாக் சிறியது என்பதால் அதில் ஒரு பங்கு மெல்லக் கசிந்து இறங்குகிறது. முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தோலுக்குச் சற்றே கீழே இருப்பதால் மருந்து எட்டிவிடும். இடுப்பு மூட்டு போன்ற ஆழமான இடத்தில் இதை நான் நம்பமாட்டேன். ஒரு முழங்காலில் 4 கிராம் வீதம் நாளுக்கு 4 வேளை தடவியவர்களின் இரத்தத்தில் சேர்ந்த மருந்து, 50 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை விழுங்கியவர்களுக்குச் சேர்ந்ததில் சுமார் 6 சதவீதம்தான். வயிற்றுப் புண் வந்தவருக்கு இது பெரிய வேறுபாடு.

ஆனால் பெரும்பாலோர் தடவும் அளவு போதாது. 1 சதவீத ஜெல்லுக்கு அமெரிக்காவில் கை மூட்டுகளுக்கென வகுத்த அளவு ஒரு வேளைக்கு 2 கிராம், நாளுக்கு 4 வேளை. அப்படித் தடவினால் 30 கிராம் ட்யூப் நான்கு நாள்கூட வராது. உங்களுக்கு உரிய அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடவியதும் 'ஜில்'லென்று இருப்பது பல ஜெல்களில் சேர்க்கப்படும் மென்தாலின் வேலை. அதை வைத்து மருந்து இறங்கிவிட்டதாக எண்ண வேண்டாம்.

மின்சார முறையில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தையே செலுத்துவார்கள். அதன் மின்னேற்றம் எதிர்மறையானது என்பதால், எதிர்மின்வாய்க்கு அடியில் வைத்து மெல்லிய மின்னோட்டம் கொடுத்தால் உள்ளே தள்ளப்படும். இதே முழங்கை வலிக்குச் செய்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை முடிந்த இரண்டு நாளில், போலி மருந்து பெற்றவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒரு மாதத்தில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. அதற்காகப் பணம் செலவிடுவதைவிட, ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் உடற்பயிற்சி கற்றுக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

ஏனெனில், இரண்டு மாதம் நீடித்த இத்தகைய வலியில் வீக்கத்தைவிட, ஓயாத உழைப்பால் தசைநாணின் நார்கள் நைந்துபோவதே முக்கியக் காரணம். ஜெல் வலியைத் தணிக்குமே தவிர, அந்த நார்களைச் சீராக்காது. வலி அடங்கிய தெம்பில் நீங்கள் மறுபடி முழு வேகத்தில் ஸ்மாஷ் அடிப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. சில வாரங்களுக்கு ஆட்டத்தைக் குறைத்து, மணிக்கட்டை மெல்ல இறக்கும் எடைப் பயிற்சியைச் செய்யுங்கள். மட்டையின் கைப்பிடிப் பருமனையும் நரம்பின் இறுக்கத்தையும் பயிற்சியாளரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலம் கறுத்துப் போனால் ஜெல்லை உடனே நிறுத்திவிட்டு அவரைப் பாருங்கள்.