கிட்டி வைத்தும் எலி குறையவில்லையே, ஏன்?

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் 2 ஏக்கரில் சம்பா நட்டிருக்கிறேன், கதிர் வரும் நேரம். கிட்டி (எலிப்பொறி) வைத்து முப்பது எலிக்கு மேல் பிடித்தாயிற்று. பதினைந்தே நாளில் மறுபடியும் நெல் தூரை வெட்டுகிறது. தப்பிய ஒன்றிரண்டு இவ்வளவு சீக்கிரம் பெருகிவிடுமா?

பதில்: பெருகாது. வயல் எலிக்குச் சினைக்காலமே ஏறக்குறைய 3 வாரம். அப்புறம் குட்டி வளர்ந்து தூர் வெட்ட மேலும் நாளாகும். இப்போது வெட்டுவது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த எலிதான்.

நீங்கள் உங்கள் 2 ஏக்கருக்குக் கணக்குப் போட்டீர்கள். எலிக்குப் பட்டா, சிட்டா கிடையாது. ஒரே காலத்தில் ஓரிடத்தில் வாழ்ந்து, தமக்குள் சேர்ந்து குட்டி போடும் ஒரே இனத்து உயிர்களைத்தான் சூழலியலில் இனக்கூட்டம் என்பார்கள். உங்கள் வயல், பக்கத்து வயல்கள், வாய்க்கால் கரை, திடல் எல்லாம் சேர்ந்துதான் அந்த இடம். கூட்டத்தின் எண்ணிக்கையை மாற்றுபவை பிறப்பு, இறப்பு, வரவு, வெளியேற்றம் ஆகிய நான்கும்தான். நீங்கள் இறப்பைக் கூட்டினீர்கள். வரவு அதை ஈடுகட்டிவிட்டது. காலி வளையும் பால்பிடிக்கும் கதிரும் இருந்தால் அடுத்த வயல் எலி சும்மா இருக்குமா?

எலி அதிகம் குட்டி போடுவதும் கதிர்ப் பருவத்தில்தான். ஒரே வயல்வெளியில் சம்பா, தாளடி என்று முன்பின்னாக நட்டால் தீனி அறாது, குட்டி போடும் காலமும் நீளும். (தண்ணீர் முறைவைத்து வரும் ஊரில் எல்லாரும் ஒன்றாக நடுவது சிரமம்தான்.)

ஆகவே எலியை அடிக்க நல்ல நேரம் கோடை. உளுந்து, பயறு எடுத்தபின், குறுவைக்குத் தண்ணீர் வருமுன். தீனியில்லாமல் கூட்டம் சிறுத்து, மேட்டு வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கியிருக்கும். அப்போது பிடிக்கும் ஒரு பெண் எலி, இப்போது பிடிக்கும் பத்துக்குச் சமம் என்பேன். ஆனால் ஊரே ஒரே வாரத்தில் இறங்க வேண்டும். நீங்கள் மட்டும் செய்தால் இதே கதைதான். சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணால் அடைத்துவிடுங்கள். காலையில் திறந்திருப்பதில் மட்டும் எலி இருக்கிறது. அதை வெட்டிப் பிடித்தால் போதும், வீண் கூலி இல்லை. வரப்பையும் அப்போதே ஒடுக்கிக் கட்டுங்கள். அகல வரப்பு எலிக்கு வீடு.

இந்தப் போகத்துக்கு, கிட்டிகளை நடுவயலிலிருந்து எடுத்து, பக்கத்து வயலையும் வாய்க்காலையும் ஒட்டிய வரப்போரம் நெருக்கமாக வையுங்கள். கூகை உட்கார அங்கங்கே குச்சி நடுங்கள். கதிர் பழுத்ததும் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் பகலில் குருவி உட்கார்ந்து நெல்லைக் கொத்தும்.