தனிமையும் புலம்பலும்

தனிமை என்பதன் சரியான பொருள் என்ன, பிற மொழிகளில் அதற்கு எத்தகைய சொற்கள் உள்ளன என்று கேட்டிருக்கிறீர்கள். உடன் யாரும் இல்லாத நிலையையும், அந்த இல்லாமை மனத்தை வருத்துவதையும் நாம் இன்று ஒரே சொல்லால் குறிக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. லெட்டிஷியா பெப்லா, டேனியல் பெர்ல்மன் ஆகிய உளவியலாளர்கள், ஒருவர் வேண்டும் உறவுக்கும் அவருக்கு வாய்த்திருக்கும் உறவுக்கும் உள்ள இடைவெளியில்தான் தனிமையுணர்வு பிறக்கிறது என்று விளக்கினார்கள். ஆளில்லாத வீட்டில் நிறைவாக இருப்பவரும், ஆள் நிறைந்த வீட்டில் தவிப்பவரும் இருப்பதன் காரணம் இதுவே.

ஆங்கிலத்தில் வருத்தும் தனிமை லோன்லினெஸ். விரும்பி ஏற்பது பெரும்பாலும் சாலிட்யூட். பிரெஞ்சு மொழியோ சொலித்யூத் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிக்கொள்கிறது. நம்மிடம் இனிய பக்கத்துக்கு ஏகாந்தம் இருக்கிறது. அச்சொல்லில் வலி இல்லை. போர்த்துகீசியரின் சவுதாதே, தனிமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்து, இன்று அருகில் இல்லாத ஒருவருக்காக ஏங்குவதைக் குறிக்கிறது.

என்னை மிகவும் பாதித்தது, சீனரும் ஜப்பானியரும் பொதுவாக வழங்கும் சொல். சீனத்தில் கூதூ, ஜப்பானியத்தில் கொதொகு. எழுதுவது இரண்டே எழுத்துகள். பண்டைய சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் அவ்விரண்டையும் தனித்தனியே விளக்கியிருக்கிறார்: முதலாவது, இளமையிலேயே தந்தையை இழந்தவர், இரண்டாவது, முதுமையில் பிள்ளையில்லாதவர். வாழ்வின் இரு முனைகளிலும் ஆதரவற்று நிற்கும் இருவரைச் சேர்த்து வைத்துத் தனிமைக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். யார் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும் சொல் அது.

தமிழிலும் அப்படி ஒரு சொல் இருந்தது. தொல்காப்பியத்தின் உரியியல் 'புலம்பே தனிமை' என்கிறது. சங்கப் பாடல்களில் பிரிந்திருக்கும் தலைவிக்கு மாலைப் பொழுது தருவது இந்தப் புலம்பைத்தான். பின்னர் அச்சொல், தனித்திருப்பவர் வாய்விட்டு அரற்றுவதற்கு உரியதாகிவிட்டது. தனிமை என்ற பொருள் வழக்கிலிருந்து மறைந்துவிட்டது.

இதை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. அம்மா மறைந்தபின் அப்பா எங்களுடன் வந்து தங்கினார். வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். காலையில் செய்தித்தாளைப் பிரித்து, ஏதேனும் ஒரு செய்தியை உரக்கப் படிக்கத் தொடங்குவார். நாற்பது ஆண்டுகளாக அம்மாவுக்கு அப்படித்தான் படித்துக் காட்டியிருந்தார். இரண்டு வரி படித்ததும் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார். பிறகு குரல் தேய்ந்து முணுமுணுப்பாகிவிடும். "பாவம், தானாகவே புலம்பத் தொடங்கிவிட்டார்" என்று பார்க்க வந்த உறவினர் ஒருவர் என்னிடம் மெல்லச் சொன்னார். அவர் இன்றைய பொருளில்தான் சொன்னார். எனக்கு அந்தப் பழைய பொருள் நெஞ்சில் தைத்தது. வீட்டில் இத்தனை பேர் இருக்கும்போது அவருக்கு என்ன தனிமை என்றுதான் அதுவரை நானும் எண்ணியிருந்தேன்.

மறுநாள் காலை அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, "என்ன செய்தி அப்பா?" என்றேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தார்.