இனவெறி தந்து, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் மனக்காயத்தை, இறைநம்பிக்கையை மதிக்கும் உளவள ஆலோசனை ஆற்றுமா?

ஆற்றும் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த இறைநம்பிக்கை, காயப்பட்டவரின் வாயை அடைக்கப் பயன்படாதவரைதான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்களுள் பலர் மனநல மருத்துவரை நாடத் தயங்குவதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது பெரும் அநியாயம். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பியோட முயல்வதையே ஒரு மனநோய் என்று எழுதினார். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, அரசின் பொதுச் சுகாதாரத் துறையே, சிபிலிஸ் நோய் கண்ட நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களை, அந்நோயைக் குணப்படுத்தும் பென்சிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் அதைக் கொடுக்காமல், நோய் முற்றும் விதத்தை வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தது. இனவெறியில் தனக்கிருந்த பங்குக்காக அமெரிக்க உளவியல் சங்கம் மன்னிப்புக் கேட்டதோ 2021இல்தான்.

எனவே, "எவரையும் எளிதில் நம்பாதே, கண்ணீரை வெளியில் காட்டாதே" என்று ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளை வளர்த்திருந்தால், அது ஒரு காலத்தில் அவர்களை உயிரோடு காத்த எச்சரிக்கை என்பதை ஆலோசகர் முதலில் உணர வேண்டும். அதே எச்சரிக்கை இன்று பேரனின் உறக்கத்தையும் மணவாழ்வையும் குலைக்கிறது என்பது அடுத்துப் பேச வேண்டியது. இந்த வரிசை மாறினால், வந்தவர் தம் குடும்பமே குற்றம் சாட்டப்படுவதாக எண்ணி எழுந்துபோய்விடுவார்.

தேவாலயத்தின் இடமும் இதே வரலாற்றில்தான் இருக்கிறது. அடிமைக் காலத்தில் மறைவாகக் கூடி ஜெபித்தவர்கள், விடுதலைக்குப் பின் தங்கள் சொந்தப் பொறுப்பில் நடத்திய முதன்மையான அமைப்பு அதுவே. அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத ஆலோசனை, அந்த மனிதரின் பாதியைத்தான் பார்க்கிறது. 2013இல் வெளியான, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (DSM-5), பண்பாட்டுப் பின்னணியைக் கேட்டறிய 16 கேள்விகள் கொண்ட நேர்காணலையும், சமயத்தை விரிவாக விசாரிக்கத் துணைப்பகுதி ஒன்றையும் தந்திருக்கிறது.

"ஜெபியுங்கள், மன்னித்துவிடுங்கள்" என்று முதல் நாளே சொல்பவரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பைபிளில் உள்ள சங்கீதங்கள் என்ற ஜெபப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88ஆம் சங்கீதமோ ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. வேதமே இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது, கோபத்தை அவிசுவாசம் என்று ஏன் சொல்ல வேண்டும்? தேவாலயத்திலேயே காயப்பட்டவர்களும், வேறு சமயத்தவரும், இறைநம்பிக்கையற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆலோசகர் வேதத்தை எடுக்கவே கூடாது.

ஆலோசகரைத் தேடுகிறீர்கள் என்றால், இனவெறி சார்ந்த மனக்காயத்தில் அவர் பயிற்சி பெற்றிருக்கிறாரா, உரிமம் வைத்திருக்கிறாரா, நீங்கள் விரும்பாத நாளில் ஜெபத்தைத் தவிர்ப்பாரா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.