சின்ன விமானத்தில் ஒரே நாளில் குடும்பத்தோடு போய் வருவது நடைமுறையில் ஒத்துவருமா?

கேட்டிருப்பது இது: "தனியார் விமானி உரிமம் கைக்கு வந்துவிட்டது. நான்கு பேர் உட்காரும் விமானத்தில் வீட்டு ஆட்களோடு காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்ப முடியுமா? காரில் போவதைவிட நேரம் மிச்சமாகுமா?"

முடியும். நான் பல தடவை போய் வந்திருக்கிறேன். ஆனால் "மாலைக்குள்" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்த வார்த்தையால் என் குடும்பத்தில் இரண்டு வருடம் ஒரு கசப்பு இருந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. உரிமம் வாங்கிச் சில மாதம் ஆகியிருக்கும். பெரும்பாலான நாடுகளில் குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், உங்களுக்கு 60, 70 ஆகியிருக்கலாம். வீட்டில் ஒவ்வொருவராக "எங்களை எப்போ கூட்டிப்போவே?" என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள். இத்தனை செலவு செய்தாயே, அதனால் என்ன பிரயோஜனம் என்று யாராவது ஒருவர் நேராகவே கேட்டிருப்பார். அதற்குப் பதிலாக ஒரு நல்ல பயணம் போய்க் காட்ட வேண்டும் என்று உங்களுக்கும் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டுவது பழைய செஸ்னா 172. மணிக்குச் சுமார் 110 நாட், அதாவது 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 240 கிலோமீட்டரை ஒரு மணி பத்து நிமிடத்தில் தாண்டிவிடலாம். ஆனால் வீட்டிலிருந்து விமானத் திடலுக்கு 40 நிமிடம், பறப்பதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்க முக்கால் மணி, அந்தப் பக்கம் இறங்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஊருக்குள் போக இன்னொரு அரை மணி. எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம். நடுவில் மலை இருந்து சாலை சுற்றிக்கொண்டு போனால் காருக்கு ஐந்து மணி ஆகும், அங்கே விமானம் ஜெயிக்கும். நேரான நல்ல சாலை இருந்தால் கார்தான் ஜெயிக்கும், இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

நான்கு இருக்கை என்பதை வைத்து நான்கு பேர் என்று முடிவு செய்யாதீர்கள். என் விமானத்தின் காலி எடை சுமார் 670 கிலோ, அதிகபட்சம் 1043 கிலோ. மிச்சம் 373. டாங்க் நிறைய எரிபொருள் என்றால் அதிலேயே 108 கிலோ போய்விடும். ஆளுக்கும் பைக்கும் 265 கிலோதான். நான்கு பெரியவர்கள் ஏற வேண்டுமானால் எரிபொருளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எரிபொருளைக் குறைத்தால் திரும்பி வர வழியில்லாமல் போகலாம். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். உரிமம் வாங்கி மூன்றாவது வருடம். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போக வேண்டும். அக்கா, அத்தான், நான், மூன்று பேர். அத்தானுக்கு மறுநாள் காலை அலுவலகத்தில் தவிர்க்க முடியாத ஒரு கூட்டம். "சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்ல விட்டுடுவேன் அத்தான்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்காமல், நானாகக் கொடுத்த வாக்கு.

காலை அருமையாக இருந்தது. இறக்கைக்கு அடியில் இருக்கும் வடிகால் வழியாகக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எரிபொருள் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். எரிபொருள் வெளிர் நீலமாக இருக்கும், தண்ணீர் கலந்திருந்தால் குப்பியின் அடியில் நிறமில்லாத ஒரு முத்து மாதிரி உருளும். அக்கா அதை வாங்கிப் பார்த்து "இவ்வளவு அழகான கலரா?" என்றாள். போகும்போது காற்றில் ஒரு குலுக்கல்கூட இல்லை. மலைமுகட்டைத் தாண்டும்போது விமானத்தின் நிழல் மரங்கள் மேல் ஓடியது, அத்தான் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் என் தோளில் தட்டினார். அத்தான் சுலபமாகப் பாராட்டுகிறவர் இல்லை.

மூன்று மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். பெரியம்மா விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார், எப்படி எழுந்து வருவது? விமானத்தருகே வந்து சேரும்போது மணி நாலரை.

காற்றின் வெப்பம் 27 டிகிரி, டியூ பாயின்ட் 22. டியூ பாயின்ட் என்பது காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாக மாற ஆரம்பிக்குமோ அந்த வெப்பநிலை. இரண்டுக்கும் நடுவில் எத்தனை டிகிரியோ அதை 400 அடியால் பெருக்கினால் மேகத்தின் அடிப்பகுதி தோராயமாக எவ்வளவு உயரம் என்று கிடைக்கும். 5 டிகிரி, 2000 அடி. தாண்ட வேண்டிய மலை 1800 அடி. நடுவே ஒரு கணவாய், அதன் தரை 900 அடி. இந்தக் கணக்கை நான் போட்டேன். போட்டுவிட்டு, தோராயக் கணக்குதானே, தலைக்கு மேல் நீலம் தெரிகிறதே என்று ஒதுக்கிவிட்டேன். ஆறு மணி வாக்கு மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நான் செய்த தப்பு இதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

கிளம்பி 2500 அடியில் சமன் செய்தேன். பத்து நிமிடத்தில் எதிரே மேகம் தாழ ஆரம்பித்தது. 2200க்கு இறங்கினேன். அப்புறம் 1900. ஒவ்வொரு தடவையும் "இன்னும் 300 அடிதானே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலையைத் தாண்ட முடியாது என்று தெரிந்ததும் கணவாய் வழியாகப் போய்விடலாம் என்று திசையை மாற்றினேன். கீழே கணவாய்க்குள் போகும் சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போவது தெரிந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அப்போது பின்னால் இருந்து அக்கா ஹெட்செட்டில் சொன்னாள்: "தம்பி, அந்தப் பக்கம் ஒரு டவர் தெரிஞ்சுதே, இப்ப காணோமே."

மலை உச்சியில் இருந்த கோபுரம். ஒரு நிமிடம் முன்னால் நானும் பார்த்திருந்தேன். இப்போது அந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 நொடி, மூன்று நிமிடம்கூட இல்லை. மேகத்துக்குள் போனால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும், உடம்பு நேராக உட்கார்ந்திருப்பதாக நினைக்கும். இதை என் பயிற்சியாளர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்த 178 என்ற எண் என் கண்ணுக்கு முன்னால் எழுதி வைத்த மாதிரி வந்து நின்றது.

திரும்பினேன். நொடிக்கு 3 டிகிரி வீதம், 180 டிகிரி திரும்ப ஒரு நிமிடம். என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான ஒரு நிமிடம் கிடையாது. உயரம் குறையக் கூடாது, சாய்வு கூடக் கூடாது, வெளியே பார், உள்ளே பார், வெளியே பார். பாதித் திருப்பத்தில் வலது இறக்கையின் நுனி மேகத்துக்குள் போய் வெளியே வந்தது. முடிந்ததும் எதிரே வெளிச்சமான கடற்கரை தெரிந்தது. டாங்கில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எரிபொருள் இருந்தது. பகலில் 30 நிமிட எரிபொருள் மீதி இருந்தால் போதும் என்று பல நாடுகளில் விதி. அந்த விதியை ஒட்டிக் கணக்காக ஊற்றிக்கொண்டு போயிருந்தால் அன்றைக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இன்னும் இரண்டு நிமிடம் முன்னால் போயிருப்பேன்.

கிளம்பிய இடத்திலேயே இறங்கினோம். இன்ஜினை நிறுத்தியதும் அத்தான் கேட்டார்: "என்ன மாப்ளே, வந்த இடத்துக்கே வந்துட்டோம்?" மேகத்தைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் அப்போதும் நீலம்தான். "இதுக்கு கார்லயே வந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து போயும் கூட்டத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம், வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் நாலு பேர் நடுவில் "நம்ம மாப்ளே பாதி வழியில பயந்து திரும்பிட்டார்" என்பார். நான் பதில் சொன்னதில்லை. என்ன சொல்வது? நடக்காமல் போன விபத்தை எப்படிக் காட்டுவது?

இங்கே சிலர், "கருவிப் பறத்தலுக்கான தகுதியை எடுத்திருக்கலாமே" என்பார்கள். எடுத்திருக்கலாம், இப்போது எடுத்துக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் ஒற்றை இன்ஜினோடு, மலைக்கு மேல், இருட்டப்போகிற நேரத்தில் மேகத்துக்குள் போவது அந்தத் தகுதி இருப்பவர்களும் யோசித்துச் செய்கிற காரியம். இன்னும் சிலர், "கிளம்பியதே தப்பு, இதில் என்ன பெருமை?" என்பார்கள். ஆமாம், தப்புதான். மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் தப்பாகக் கிளம்பிய பிறகும் திரும்பலாம் என்பதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. 1999இல் ஜான் எஃப். கென்னடியின் மகன், மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு, மூட்டமான இரவில் கடலுக்கு மேல் பறந்து திசையுணர்வு தவறி விழுந்தார். மூன்று பேரும் இறந்தார்கள். அவரை யாரும் பயந்தவர் என்று சொல்லப்போவதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் விமானத்தை ஓட்டுகிறவர்களே, இறங்கியதும் முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போங்கள். எத்தனை தடவை பூச்சி அடித்துக் காய்ந்த கறையோடு எனக்கு விமானம் கிடைத்திருக்கிறது. இது சுத்தம் பற்றிய பேச்சு இல்லை. நம்மோடு மோதப்போகிற திசையில் வருகிற விமானம் கண்ணாடியில் நகரவே நகராது, ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளியாக நிற்கும், கடைசிச் சில நொடிகளில்தான் பெரிதாகும். பூச்சிக் கறையும் அதே மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் கறுப்புப் புள்ளி. பத்துக் கறை இருந்தால் பதினோராவது புள்ளி விமானம் என்று எப்படித் தெரியும்? ஒரு துணி, கொஞ்சம் தண்ணீர், மூன்று நிமிட வேலை. பழுது இருந்தால் புத்தகத்தில் எழுதாமல் போகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னும் நீளும், விட்டுவிடுகிறேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கூட வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நாளைக்குப் போவோம், ஆனா நாளைக்கே திரும்புவோம்னு சொல்ல முடியாது." மறுநாள் காலை தள்ளிப்போட முடியாத வேலை இருப்பவரை ஏற்றாதீர்கள், அவருடைய அவசரம் உங்கள் கைக்குள் வந்துவிடும். நேரத்தைச் சொல்லி வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு இரவுக்கான மாற்றுத் துணி, மாத்திரை, போன் சார்ஜர் எல்லாம் போட்டு ஒரு பை எப்போதும் பின்னால் இருக்கட்டும். பை இருந்தால் தங்கிவிடலாம் என்ற முடிவு எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

அன்றைக்கு நானும் அக்காவும் பெரியம்மா வீட்டுக்கே திரும்பிப் போனோம். கதவைத் திறந்த பெரியம்மாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ராத்திரி அக்கா அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். மலைமேல் துளி மேகமில்லை, கோபுரத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை எண்ணலாம் போலத் தெரிந்தது. அக்கா எதுவும் பேசவில்லை, அதை விரலால் தொட்டுக் காட்டினாள், அவ்வளவுதான்.

அத்தான் அதற்குப் பிறகு என்னோடு ஏறவில்லை. அக்கா நான்கு முறை வந்திருக்கிறாள். நான் சொல்லாமலே மாற்றுத் துணிப் பையோடு வருவாள். எடைக் கணக்குத் தாளில் அந்தப் பைக்கு 4 கிலோ என்று அவளே எழுதிவிடுவாள்.