காதுல சில்வண்டு கத்துது, மாத்திரைய தூக்கிப் போட்டுடவா?

கேள்வி: மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன், வயசு 46. வீட்டுக்காரர் தவறுனதுலேருந்து தூக்கமில்ல, எந்நேரமும் அழுகை. கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, செர்ட்ராலின்னு மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தாங்க. 50 மில்லிகிராம் சாப்பிட்டு கொஞ்சம் தேறிட்டேன், 100 ஆக்கி மூணு வாரம் ஆகுது, இப்ப படுத்தா ரெண்டு காதுலயும் ங்ஙொய்ய்னு சத்தம். பக்கத்து வீட்டம்மா மாத்திரைய தூக்கிப் போடுங்கிறாங்க. போட்டுடவா?

பதில்: தூக்கிப் போட்டுடாதீங்க அக்கா. உங்களுக்குப் பிரமை ஒண்ணும் இல்ல, இந்த மாத்திரையோட பெட்டியில மடிச்சு வச்சிருக்கிற பேப்பர்லயே காது இரைச்சல் பக்கவிளைவா போட்டிருக்கும், அட்டைய மட்டும் கையில கொடுத்திருந்தா நீங்க எங்க படிச்சிருப்பீங்க. இந்த மருந்து மூளையில இருக்கிற செரட்டோனின்ங்கிற ரசாயனம் மேல வேலை செய்யுது, அந்த ரசாயனம் மனசுக்கு மட்டும் இல்ல, காது நரம்பு மூளைக்குள்ள போய்ச் சேர்ற இடத்துலயும் வேலை செய்யும். 2017ல அமெரிக்காவுல ஓரிகன்ல சுண்டெலி மூளையில பார்த்தப்ப, செரட்டோனின் பட்டதும் அங்க உள்ள செல்லுங்க ரொம்பத் துடிப்பாயிடுச்சு, அந்தத் துடிப்புதான் இரைச்சலா கேக்கலாம்.

ஆனா திடீர்னு நிறுத்துனா தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள சுரீர்னு ஷாக் அடிக்கிற மாதிரி எல்லாம் வரலாம், சில பேருக்கு இரைச்சலே அப்பத்தான் வருது. அழுகையும் திரும்பி வந்துடலாம், எனக்கு அதுதான் பெரிய பயம். டாக்டர் பழையபடி டோஸ இறக்கலாம், வேற மருந்துக்கு மெதுவா மாத்தலாம்.

இன்னொண்ணு, பழிய முழுசா மாத்திரை மேல போட்டுடாதீங்க. புல் வெட்டுற மெஷின் பக்கத்துல வேலையா? காதுல அழுக்கு அடைச்சிருக்கா? வலிக்கு ஆஸ்பிரின் நிறைய போடுறீங்களா? இதுலயும் இரைச்சல் வரும், சொல்லுங்க. சத்தம் ஒரே காதுல மட்டும் கேட்டாலோ, நாடி மாதிரி டொக் டொக்குனு அடிச்சாலோ சீக்கிரம் காட்டணும், திடீர்னு காது கேக்காமப் போனா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

ராத்திரி ரூம நிசப்தமா வைக்காதீங்க, ஃபேன் ஓடட்டும், ரேடியோ மெல்லிசா பாடட்டும். மனசு ரொம்ப பாரமானா 15555க்கு கூப்பிடுங்க, அது சுகாதார அமைச்சு நடத்துற லைன்தான்.

அடுத்த அப்பாய்ண்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்க. டோஸ் கூட்டுன தேதி, சத்தம் ஆரம்பிச்ச தேதி, ரெண்டையும் காலண்டர் பார்த்து எழுதிக்கிட்டு, சாப்பிடுற எல்லா மருந்து அட்டையும் எடுத்துக்குங்க, டாக்டருக்குத் தமிழ் வராட்டி ‘தெலிங்கா பெர்டெசிங்’னு (மலாய்ல காது இரையுதுன்னு அர்த்தம்) சொன்னா போதும், புரிஞ்சிப்பாங்க.